சேலத்துச் சூனியக்காரி, லெயோபன் மலையடிவாரம்

செப்டம்பர் 30, சனி

ஆஸ்திரியாவின் லெயோபன் ரயில் நிலையத்தில் இறங்கும்போது மணி மாலை 6.10. சனிக்கிழமை 6 மணிக்குக் கடைகளை மூடினால் திங்கள் காலையில்தான் திறப்பார்கள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கல்லூரி ஜெர்மன் வகுப்பில் இதைப் பற்றி ஒரு பாடமே இருந்தது, அதில் முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இருந்தும் வியன்னாவில் ஒரு காபியை முக்கால் மணி நேரம் உறிஞ்சி, முந்தைய ரயிலை விட்டுவிட்டேன்.

ஆனால் வந்த வழி அழகு. செம்மரிங் மலைப்பாதையில் ரயில் வளைந்து வளைந்து ஏறுகிறது, இரண்டடுக்குக் கல்பாலங்கள் மேல். 1854-இல் கட்டி முடித்த பாதை. யுனெஸ்கோ பட்டியலில் 1998-இல் சேர்ந்தது. நம் ஊட்டி ரயில் 2005-இல். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை, குறுக்கெழுத்து போட்டுக்கொண்டே வந்தார். மேட்டுப்பாளையத்துக்காரரும் அப்படித்தான் வருவாராக இருக்கும்.

என்னிடம் இரண்டு பெட்டி. ஒன்றில் பாதி இடத்தை அம்மாவின் மிக்சி பிடித்துக்கொண்டிருந்தது. பத்து வருடத்துக்கு முன் நாங்கள் சேலத்தை விட்டு நியூ ஜெர்சிக்குக் கிளம்பியபோது அம்மா அதைப் புடவையில் சுற்றி எடுத்து வந்தாள். அமெரிக்காவில் 120 வோல்ட். நம்மூர் மிக்சிக்கு அது காணாது, செருகினால் முனகும், சுற்றாது. தூக்கிப் போட மனசில்லாமல் பத்து வருடம் அலமாரி மேலே கிடந்தது. ஆஸ்திரியாவிலும் இந்தியா மாதிரி 230 வோல்ட்தான் என்று நான் சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்ப இது அங்க ஓடும்ல கண்ணு?"

அதோடு என் குளிர்கால பூட்ஸுக்கு இடம் போயிற்று.

வந்த வேலையைச் சொல்லவில்லையே. அமெரிக்காவில் பட்டம் முடித்தவர்களை ஆங்கில உதவி ஆசிரியர்களாக ஆஸ்திரியப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஒரு திட்டத்தை ஃபுல்பிரைட் ஆஸ்திரியா நடத்துகிறது. வாரம் 13 மணி நேரம் வகுப்பு, அக்டோபரில் ஆரம்பித்து மே வரை. எந்த மாநிலம் வேண்டும் என்று விருப்பம் எழுதிக் கொடுக்கலாம். நான் வியன்னா என்று எழுதினேன். ஸ்டைரியா கிடைத்தது. அதில் முர் ஆறு வளைத்துக்கொண்டு போகும் இந்த ஊர், மக்கள்தொகை சுமார் 25,000.

வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கீழ்த்தளத்தில் அவர், மேல்தளத்தில் நான். ஒரே அறை, மூலையில் அடுப்பு, வாடகை வெந்நீர் எல்லாம் சேர்த்து 480 யூரோ. சாவியைக் கொடுத்துவிட்டுக் குப்பைத்தொட்டிகளைக் காட்டினார். காகிதம் ஒன்று, மக்கும் குப்பை ஒன்று, வெள்ளைக் கண்ணாடி ஒன்று, நிறக் கண்ணாடி வேறொன்று. செருப்பை எங்கே விட வேண்டும், துணி துவைக்கும் முறை எனக்கு எந்தக் கிழமை என்பதும் வந்தது. எங்கிருந்து வருகிறாய், சாப்பிட்டாயா என்பது மட்டும் வரவில்லை. குட் நாக்ட் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரவுச் சாப்பாடு, அம்மா கட்டிக்கொடுத்த தட்டுவடை நாலு.

அக்டோபர் 1, ஞாயிறு

இருபது நிமிடம் நடந்தால் ஒரு பெட்ரோல் பங்க், அதற்குள் ஒரு கடை, அது மட்டும் திறந்திருந்தது. ரொட்டி, சீஸ், பால். 11 யூரோ 40 சென்ட். மறுநாள் இதே மூன்றையும் சூப்பர் மார்க்கெட்டில் விலை பார்த்து வயிறெரிந்தேன், ஆறு யூரோகூட வராது.

வழியில் எதிரே வந்த ஒவ்வொருவரும் "க்ரூஸ் காட்" சொன்னார்கள். நாய் பிடித்து வந்தவர், சைக்கிளில் போன பெரியவர், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த அம்மா. கடவுள் உன்னை வாழ்த்தட்டும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுகிறார்கள். நான் முதல் இரண்டு பேருக்கும் நின்றுவிட்டேன், அடுத்து ஏதாவது கேட்பார்கள் என்று.

மதியம் ரொட்டிக்குப் பொட்டுக்கடலைச் சட்னி அரைக்கலாம் என்று மிக்சியை எடுத்தேன். பிளக் மாற்றி மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு திருகினேன். பத்து வருடம் வாய் திறக்காதது ஒரே கத்தாகக் கத்தியது. சேலம் வீட்டுச் சமையலறையில் காலை ஆறரைக்குக் கேட்கும் அதே சத்தம். நான் கை தட்டினேன் என்று சொன்னால் நம்ப வேண்டும்.

இரண்டாவது சுற்றில் கதவு தட்டும் சத்தம். வீட்டுக்காரம்மா. கோபம் என்று சொல்ல முடியாது. ஒரு விரலை உயர்த்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல, "ஹாய்டே இஸ்ட் சொன்டாக்" என்றார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார். ஞாயிறன்று ட்ரில் போடக்கூடாது, புல் வெட்டக்கூடாது, காலி பாட்டிலைக் கண்ணாடித் தொட்டியில் போடக்கூடாது. மிக்சியும் அந்த ஜாதிதான் போல. சட்னி அரைகுறையாக, கடலை பல்லில் பட்டது.

அக்டோபர் 2, திங்கள்

பள்ளி. நுழைந்ததும் கண்ணில் பட்டது மாணவர்களின் கால்கள். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுச் செருப்பு போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், ஆறடி உயரப் பையன் உட்பட. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அமெரிக்காவில் பத்து வருடம் இதற்காகத்தான் ஒவ்வொரு விருந்தாளியிடமும் அம்மா சண்டை போடாத குறை.

கிம்னாசியம் என்றால் இங்கே உடற்பயிற்சிக்கூடம் இல்லை, மேல்நிலைப் பள்ளி. அதில் ஆசிரியரைப் புரொஃபஸர் என்று அழைப்பது வழக்கம். கூடவே குடும்பப் பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது, நிறையத் தமிழர்களுக்குப் போல. ஆக, இருபத்திரண்டு வயதில், முதல் நாளே, நான் "ஃப்ராவ் புரொஃபஸர் முருகேசன்".

ராத்திரி போனில் அப்பாவிடம் சொன்னேன். அவர் டிப்ளமோ. சேலத்தில் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்லைச் சுட்டு உலைச்செங்கல் செய்யும் கம்பெனியில் இருபது வருடம், இப்போது நியூ ஜெர்சியில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

நண்பகலில் ஆசிரியர் அறைக்குள் வருகிறவர்கள் எல்லாம் "மால்ட்ஸைட்" என்கிறார்கள். நேர் அர்த்தம் சாப்பாட்டு வேளை. நடைபாதையில், கழிப்பறை வாசலில், எங்கே பார்த்தாலும் மால்ட்ஸைட். 'சாப்டாச்சா?' மாதிரி என்று நினைத்து, ஒருவரிடம் "இல்லை, இனிமேல்தான், தயிர் சாதம்" என்று விளக்கமாகப் பதில் சொன்னேன். மனிதர் மிரண்டுபோய் என் டப்பாவைப் பார்த்தார்.

அக்டோபர் 3, செவ்வாய்

குடியேறிய மூன்று நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். படிவத்தை அழகாக நிரப்பிக்கொண்டு போனேன். வீட்டு உரிமையாளர் கையெழுத்து இல்லை. திரும்பி வந்து, வீட்டுக்காரம்மா மருத்துவரிடம் போயிருந்ததால் படிக்கட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வாங்கிக்கொண்டு ஓடினேன். அக்டோபரில் 24 டிகிரி வெயில். ஸ்வெட்டரோடு ஓடினேன்.

அக்டோபர் 5, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் இந்தக் கட்டுரையே.

ஆறாம் வகுப்பு. இங்கே கிம்னாசியத்தில் ஆறாம் வகுப்பு என்றால் பதினைந்து, பதினாறு வயது. உள்ளே போனால் கரும்பலகையில் பெரிதாக 'சேலம், 1692'. சுவரெல்லாம் படங்கள்: கூம்புத் தொப்பி, துடைப்பம், தூக்குமரம். மூன்று பெண்கள் கறுப்புத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். என் விண்ணப்பத்தில் பிறந்த ஊர் சேலம் என்று இருக்கிறது. அனுப்பியது அமெரிக்கத் திட்டம். ஆங்கில ஆசிரியை இரண்டையும் கூட்டிப் பார்த்திருக்கிறார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சேலம் உண்டு. 1692-இல் சூனியக்காரிகள் என்று சொல்லி விசாரணை நடத்தி 19 பேரைத் தூக்கில் போட்ட ஊர். அந்த ஊர்ப் பெண்ணே வகுப்புக்கு வருகிறாள் என்று இரண்டு வாரமாகத் தயாரிப்பு நடந்திருக்கிறது.

"இன்றைய சேலத்தில் அந்த வரலாற்றின் தடயங்கள் என்னென்ன என்று நம் விருந்தினர் சொல்வார்" என்று சொல்லிவிட்டு ஆசிரியை பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இருபத்திமூன்று முகங்கள். அவர் பாவம், இரண்டு வார உழைப்பு. ஒரு கணம், சரி, ஏதாவது கதை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நான் அந்த சேலத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. சாக்பீஸை எடுத்து 1692-ஐ அழித்துவிட்டு இந்தியாவின் படம் வரைந்தேன். ஸ்ரீலங்காவையும் வரைந்தேன், அது இல்லாவிட்டால் படம் நிற்காது. கீழே ஒரு புள்ளி. "இதுவும் சேலம்தான். என் சேலம்."

முதலில் நிசப்தம். அப்புறம் கறுப்புத் துணிக்குள் இருந்து ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான், வகுப்பே உருண்டது. ஆசிரியையின் கழுத்து சிவந்து, அது காதுவரை ஏறியது.

மாம்பழம் சொன்னேன், ஏற்காடு சொன்னேன், வெள்ளிக் கொலுசு சொன்னேன். ஒருத்தி கேட்டாள்: "அப்படியானால் நீங்கள் உண்மையான அமெரிக்கர் இல்லையா?" இடக்காகக் கேட்கவில்லை, குறித்துக்கொள்வதற்காகக் கேட்டாள், கையில் பேனா இருந்தது. பாஸ்போர்ட் அமெரிக்கா, படித்தது அமெரிக்கா, கனவில் திட்டுவது தமிழில் என்றேன். அவள் மூன்றையும் எழுதிக்கொண்டாள்.

"உங்கள் சேலத்தில் சூனியக்காரிகள் உண்டா?"

தப்பிக்க முடியாது. எலுமிச்சம்பழத்தில் பச்சைமிளகாய் கோத்து வாசலில் கட்டுவதைச் சொன்னேன். ஆயுதபூஜை அன்று கடை வாசலில் பூசணிக்காய்க்குள் குங்குமம் வைத்துச் சுற்றி, நடுரோட்டில் போட்டு உடைப்பதைச் சொன்னேன். திருஷ்டி என்பதற்கு ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்து முடிப்பதற்குள் கடைசி வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். அவன் தாத்தாவுக்குத் தெற்கு ஸ்டைரியாவில் பூசணித் தோட்டம். இங்கே பூசணியை விதைக்காகத்தான் வளர்க்கிறார்கள். விதையில் எண்ணெய் ஆட்டுகிறார்கள், சதையை வயலிலேயே உரமாக விட்டுவிடுகிறார்கள்.

அவன் கவலையோடு கேட்டான்: "சரி, அந்த விதைகளை யார் பொறுக்குவார்கள்?"

இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததே இல்லை.

மணி அடித்த பிறகு ஆசிரியை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கெல்லாம் அவசியமே இல்லை, வந்ததில் இருந்து நான் இவ்வளவு பேசியது இன்றைக்குத்தான். ஆனால் பள்ளிக்கூடம் முழுக்கப் பெயர் பரவிவிட்டது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் நடைபாதையில் என்னைப் பார்த்ததும் கூம்புத் தொப்பி போடுவதுபோலத் தலைக்கு மேல் இரண்டு கையையும் சேர்க்கிறார்கள். பார்க்கக் கும்பிடு மாதிரியே இருக்கிறது. நானும் பதிலுக்குச் செய்கிறேன்.

அக்டோபர் 14, சனி, கிராத்ஸ்

ரயிலில் ஒரு மணி நேரம். காய்கறிச் சந்தை. இந்த ஊர் பூசணி விதை எண்ணெயைப் பார்க்காமல் நம்ப மாட்டீர்கள்: பாட்டிலில் கறுப்பு, தட்டில் ஊற்றினால் கரும்பச்சை, கனமாக நிற்கும் இடத்தில் சிவப்பாகத் தெரிகிறது. வறுத்து ஆட்டுவதால் நல்லெண்ணெய்க்குப் பங்காளி போல ஒரு வாசம். அரை லிட்டர் 10 யூரோ. ஒரு லிட்டருக்கு முப்பது காய்க்கு மேல் வேண்டும் என்றார் விற்றவர். பெரிய பெரிய அவரை விதைகளை வேகவைத்து, வெங்காயம் அரிந்து போட்டு, வினிகரும் இந்த எண்ணெயும் விட்டுக் கொடுத்தார். சுண்டல்தான். தேங்காய் இல்லாத, புளித்த சுண்டல். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மதியம் சாப்பாட்டுக்கடையில் ஏமாந்தேன். எங்கள் வீடு சைவம். ஃப்ரிட்டாட்டன் சூப் என்றால் தோசை மாதிரி மெல்லிசாக வார்த்து, சுருட்டி, நூல் நூலாக நறுக்கி சூப்பில் போடுவது என்று படித்திருக்கிறேன். தோசையில் என்ன வந்துவிடப் போகிறது? பாதிக் கிண்ணம் போன பிறகு, "நன்றாக இருக்கிறதே, எதில் செய்தது?" என்று பாராட்டாகக் கேட்டேன். பரிமாறியவர் பெருமையாகச் சொன்னார், மாட்டெலும்பை நாலு மணி நேரம் கொதிக்க வைத்தது என்று. தப்பு அவருடையது இல்லை. நான் தோசையைப் பற்றித்தான் படித்தேன், தண்ணீரைப் பற்றிப் படிக்கவில்லை. மிச்சத்தைத் தள்ளி வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு பாட்டில் ஷ்டுர்ம். திராட்சைச் சாறு பாதி புளித்து ஒயின் ஆவதற்குள் விற்பது, இலையுதிர் காலத்தில் சில வாரம்தான் கிடைக்கும். கலங்கலாக, இனிப்பாக, நுரைத்துக்கொண்டு. நம் கள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இன்னும் புளித்துக்கொண்டே இருப்பதால் காற்று போக வேண்டும் என்று மூடியை இறுக்க மாட்டார்கள். விற்ற அம்மாள் இதைச் சொல்லியிருக்கிறார், நானும் தலையாட்டியிருக்கிறேன். ஸ்டைரியர்கள் பேசும்போது நாய் குரைப்பதுபோல் இருக்கும் என்று மற்ற ஆஸ்திரியர்கள் கேலி செய்வார்கள். எனக்கு நல்ல வேகத்தில் பாதிதான் பிடிபடுகிறது. பாட்டிலைப் பையில் படுக்க வைத்தேன். லெயோபன் வருவதற்குள் ஆறாம் வகுப்பின் இருபத்திமூன்று கட்டுரைகளும் திராட்சைச் சாற்றில் ஊறிவிட்டன. வெந்நீர்க் குழாய் மேல் காயப் போட்டிருக்கிறேன். அறையே கள்ளுக்கடை வாசம்.

அக்டோபர் 26, வியாழன், எர்ட்ஸ்பெர்க்

ஆஸ்திரிய தேசிய தினம். விடுமுறை. அப்பா சொல்லி அனுப்பிய இரும்பு மலைக்குப் போனேன். நான் லெயோபன் என்றதுமே அவர், "டோனாவிட்ஸ் பக்கமா?" என்று கேட்டவர். எனக்கு அந்தப் பெயரே தெரியாது. உருக்கு உலைக்குள் ஆக்சிஜனை ஊதும் எல்.டி. முறையில் எல் என்பது லின்ஸ், டி என்பது டோனாவிட்ஸ், இரண்டும் ஆஸ்திரியாவில் உருக்காலை இருக்கும் இடங்கள். லின்ஸில் 1952-இல், டோனாவிட்ஸில் அடுத்த வருடம் ஆரம்பித்தது. அந்த மாதிரி உலைகளுக்குள் பதிக்கும் செங்கல்லுக்காகத்தான் அப்பா இருபது வருடம் மேக்னசைட் புழுதி தின்றது. டோனாவிட்ஸ் என் பள்ளியில் இருந்து ஐந்தே நிமிடம் பஸ்ஸில்.

மலை, படிக்கட்டு படிக்கட்டாக வெட்டின துருநிறக் கோபுரம். மேலே மஞ்சள் இலைக் காடு, அதற்கும் மேலே புதுப் பனி. சுற்றுலாக்காரர்களை ஒரு ராட்சச டிப்பர் லாரியின் முதுகில் பெஞ்சு போட்டு ஏற்றிப் போகிறார்கள். இரும்புக்கல் ஒரு துண்டு எடுத்தேன், உள்ளங்கை சிவந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கஞ்சமலையிலும் இரும்புதான். மலையடிவாரத்தில்தான் உருக்காலை. ஒரு கையில் வெள்ளைக்கல், இன்னொரு கையில் கஞ்சமலைக் கறுப்புக்கல் வைத்துக்கொண்டு நான் எல்.கே.ஜி.யில் நிற்கும் போட்டோ ஒன்று எங்கோ இருக்கிறது.

விடுமுறை நாள் பஸ் அட்டவணை வேறு. பார்க்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு அடுத்த பஸ் கிடையாது. நாலு டிகிரி, தூறல். பஸ் நிறுத்தத்தில் நின்ற என்னைத் தாண்டிப் போன கார் ஒன்று திரும்பி வந்தது. வயதான தம்பதி. "லெயோபன்?" ஏறிக்கொண்டேன். நாற்பது நிமிடம். வழியில் அந்த அம்மாள் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார், கணவாய் உச்சியில், "அழகு, இல்லையா?" என்று. ஆமாம் என்றேன். ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு இரண்டு ஆப்பிள் கொடுத்தார்கள். பெயர்? ஊர்? கல்யாணம் ஆயிற்றா? ஒன்றும் கேட்கவில்லை. நம் பக்கம் இந்த நாற்பது நிமிடத்தில் என் சம்பளம் வரை தெரிந்திருக்கும். ஆனால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவளுக்காகப் போன காரைத் திருப்பியிருப்போமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

நவம்பர் 1, புதன்

அனைத்துப் புனிதர் திருநாள், இங்கே கல்லறையில் விளக்கேற்றும் நாள். சாயங்காலம் நாலரைக்கே இருட்டத் தொடங்கியது. வீட்டுக்காரம்மா கறுப்புக் கோட்டில், கூடை நிறைய சிவப்புக் கண்ணாடி விளக்குகளோடு கிளம்பினார். படியில் நான் எதிரே வந்தேன். க்ரூஸ் காட், க்ரூஸ் காட். கதவு வரை போனவர் திரும்பி, பின்னல் போட்ட இனிப்பு ரொட்டி ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார். கார்த்திகை மாதிரி ஊர்க் கல்லறைத் தோட்டம் முழுக்க விளக்கு. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 7, செவ்வாய்

நாலு நாளாக மூடுபனி. எதிர்ப்பக்கத்து மலையும் இல்லை, ஆறும் இல்லை. எனக்குச் சளி, தொண்டை கட்டிவிட்டது. பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் படுத்தே கிடந்தேன். நேற்றும் இன்றும் அடுப்பு பற்றவைக்கவில்லை, ரொட்டியும் டீயும்தான்.

ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். இன்று செவ்வாய்க்கிழமைதானே என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத் திறந்தேன். வீட்டுக்காரம்மா. கையில் மூடி போட்ட கிண்ணம். உள்ளே எட்டி அடுப்பு மூலையைப் பார்த்தார். மிக்சியைச் சுட்டி, வட்டமாகக் கையைச் சுற்றிக் காட்டினார்.

"இரண்டு நாளாகச் சத்தமே இல்லையே. உடம்பு சரியில்லையா? சாப்பிட்டாயா?"

காய்கறி சூப்தானாம். மாடு இல்லை என்று கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.